வானவழிக் கணக்கு

தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். மாணவர்களே, இச்சூத்திரத்தைப் பல்லாண்டு கரும்பலகையில் எழுதிவந்தவன் நான். இன்று இதனை ஆகாய விமானத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

சென்னை விமான நிலையத்திலிருந்து பெங்களூரின் தேவனஹள்ளி நிலையம் நேர்கோட்டில் சுமார் 268 கிலோமீட்டர். உயரத்திலே ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லவல்லது. வகுத்தால் இருபது நிமிடம். கால அட்டவணையோ ஏறத்தாழ ஒரு மணி என்கிறது. எஞ்சிய நாற்பது நிமிடம் எங்கே போயிற்று?

அட்டவணை குறிப்பது பறக்கும் நேரத்தை மட்டுமன்று. நின்ற இடத்தை விட்டு விமானம் அசைவது முதல், மறு நிலையத்தில் வந்து நிற்பது வரை உள்ள காலம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், முறைக்குக் காத்திருப்பதும் அதில் அடங்கும். மேலும், விமானம் இயன்றவரை காற்றை எதிர்த்தே எழும்பும். கீழ்க்காற்று வீசும் நாளில், மேற்கே பெங்களூருக்குப் போகும் விமானம் கிழக்கே கடலை நோக்கி எழும்பிப் பின்னரே திரும்பும். தணிகை மலையுச்சிக்குக் காகம் பறக்கும் வழி வேறு. 365 படிகளில் நாம் ஏறும் வழி வேறு அல்லவா? இன்னொன்று: பொதுவாகப் பத்தாயிரம் அடிக்குக் கீழே வேகத்தை மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டருக்குள் அடக்கிக்கொள்ளவேண்டும். முழு வேகத்தை எய்திச் சிறிது நேரத்திலேயே இறங்கும் கட்டம் வந்துவிடுகிறது.

திருத்தணிக்காரர் பெங்களூர் செல்ல விமானம் ஏறுவதானால், முதலில் எதிர்த்திசையில் சென்னை விமான நிலையம் செல்லவேண்டும். அதற்கே இரண்டு மணிக்குக் குறையாது. அங்கே காத்திருப்பு, பறப்பு, பின்னர் தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் செல்லும் பயணம். ஆறு மணி ஆகிவிடும். நமக்குப் பதின்மூன்று கிலோமீட்டரில் உள்ள அரக்கோணத்தில் விரைவு ரயில் ஏறினால் 293 கிலோமீட்டர். அதைவிட முன்னதாகவே போய்ச் சேரலாம். நான் ரயிலுக்கே வாக்களிப்பேன்.

இக்குறுகிய வழியில் பறக்கும் நேரத்தைக் காற்று பெரிதும் மாற்றுவதில்லை. நெடுவழியிலோ அது கணக்கையே தலைகீழாக்கிவிடும். தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானங்கள் அட்லாண்டிக் வழியே சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்துவந்தன. 2016 அக்டோபரில் பசிபிக் வழியே சுமார் 15,300 கிலோமீட்டர் பறந்த விமானம், பதினான்கரை மணியில் சென்றடைந்தது. தொலைவு 1,400 கிலோமீட்டர் மிகுதி; நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைவு! காரணம், மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் கடுங்காற்று. பழைய வழியில் எதிர்த்து நின்ற அதுவே, புதிய வழியில் பின்னின்று தள்ளியது.

சரி, திரும்பும்போது? சான் பிரான்சிஸ்கோவிலிருந்தும் கிழக்கு நோக்கியே, அதாவது அட்லாண்டிக்கைக் கடந்து, வந்தால் அக்காற்று அப்போதும் துணைநிற்கும். 2017-இல் மகளிரே இயக்கிய ஏர் இந்தியா விமானம் ஒன்று அவ்வாறே பசிபிக் வழியே சென்று, அட்லாண்டிக் வழியே தில்லி திரும்பியது. இரு நிலையங்களுக்கிடையே போய்வந்ததில் உலகம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது.