காயம்பட்ட காலும் உளூவும்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உளூவைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் முகத்தில் சலிப்புத் தெரிகிறது. மக்தபில் ஓதியதைத்தானே ஹஜ்ரத் மறுபடியும் சொல்லப் போகிறார் என்று நினைக்கிறீர்கள். சமுதாயத்திற்கு ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது கை கால் கழுவுவதற்கு ஒரு கூட்டமா என்று ஒரு தம்பி வாசலிலேயே கேட்டுவிட்டார். தம்பி, ஒரு மனிதரின் கால்விரல் போனதற்கு நானும் ஒரு காரணம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மதரஸாவில் ஸனது வாங்கிய புதிது. வயது இருபத்து மூன்றோ நான்கோ. ஒரு கடைவீதிப் பள்ளிவாசலில் இமாமாகச் சேர்ந்திருந்தேன். ஜவுளிக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர், ஒரு நாள் அஸருக்கு முன்னால் என்னிடம் வந்தார். சர்க்கரை வியாதிக்காரர். பெருவிரலில் புண். டாக்டர் கட்டுப் போட்டு, தண்ணீர் படக் கூடாது என்று சொல்லியிருந்தார். "ஹஜ்ரத், நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

கிதாபில் படித்தது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவில் இருந்தது. தெரியாது என்று சொல்ல வெட்கம். குதிகால் நனையாத உளூவைப் பற்றி அந்த வாரம்தான் பயானில் முழங்கியிருந்தேன். அதே வேகத்தில், "காலைக் கழுவுவது ஃபர்ளு. கட்டை அவிழ்த்துக் கழுவிவிட்டுத் திரும்பக் கட்டிக்கொள்ளுங்கள். அல்லாஹ் ஷிஃபா கொடுப்பான்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையசைத்துவிட்டு ஹவுளுக்குப் போனார்.

ஒரு நாளைக்கு ஐந்து முறை. மூன்று வாரத்திற்குப் பிறகு அவரைக் காணவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறார், விரலை எடுத்துவிட்டார்கள் என்று மகன் வந்து சொன்னார். பார்க்கப் போனேன். பெரியவர் என்னைத் திட்டவில்லை. "ஹஜ்ரத், இனிமே அந்த விரலைக் கழுவ வேண்டியதில்லையே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

சகோதரர்களே! இதே போன்ற ஒன்று ஸஹாபாக்கள் காலத்திலேயே நடந்திருக்கிறது. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் அந்தச் சம்பவம் அபூதாவூதில் இருக்கிறது. ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம். அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்குச் சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, தீர்ப்புச் சொன்னவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்றார்கள். இந்த அறிவிப்பின் இறுதியில் கட்டின் மீது தடவுவதைப் பற்றி வரும் பகுதியில் ஹதீஸ் கலை அறிஞர்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சம்பவம் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாகவும் வருகிறது.

இத்தனை வருஷம் ஓதிய எனக்கு இந்த ஹதீஸ் தெரியாதா? தெரியும். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். கட்டோடு ஒருவர் எதிரில் வந்து நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

உளூவைக் கடமையாக்கிய அல்மாயிதா அத்தியாயத்தின் 6வது வசனத்தை எடுத்துப் பாருங்கள். முகம், முழங்கை வரை கைகள், தலையைத் தடவுவது, கணுக்கால் வரை கால்கள் என்று சொன்ன அதே வசனம்தான் நோயாளிக்கும் பயணிக்கும் தண்ணீர் கிடைக்காதவருக்கும் தயம்முமையும் சொல்கிறது. உங்களைச் சிரமப்படுத்துவது அல்லாஹ்வின் நாட்டமல்ல என்றும் அங்கேயே வருகிறது. முதல் பாதியை மட்டும் ஓதி மக்களைப் பயமுறுத்த நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) கடுங்குளிர் இரவில் தண்ணீரில் குளிக்காமல் தயம்மும் செய்து ஸுப்ஹு தொழுவித்தார்கள். நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, உங்களையே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்ற கருத்திலுள்ள இறைவசனத்தைக் காரணமாகச் சொன்னார்கள். நபியவர்கள் சிரித்தார்கள், எதுவும் சொல்லவில்லை. இதுவும் அபூதாவூதில் உள்ளது.

அப்படியானால் கட்டுப் போட்டவர் என்ன செய்வது? நல்ல பகுதிகளைக் கழுவ வேண்டும். கட்டின் மீது ஈரக்கையால் மஸஹ் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அது போதும். ஷாஃபிஈ மத்ஹபில் அதோடு தயம்முமும் சேரும். மஸஹ் செய்வதே காயத்திற்குக் கேடு என்று டாக்டர் சொன்னால் அதையும் விட்டுவிடலாம். விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். பள்ளிவாசல் திண்ணையில் கேட்காதீர்கள். அங்கே எல்லாருமே முஃப்தி!

கட்டு இல்லாத சர்க்கரை நோயாளிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோயில் காலில் உணர்வு மங்கிவிடும். ஆணி குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத். அப்படிக் கோதும்போதே புண் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். கழுவிய பிறகு இடுக்கில் ஈரம் நிற்காமல் துடைத்துவிடுங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். கல்லாப் பெட்டியில் ஒரு சிறு துண்டு வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

குதிகால் எச்சரிக்கையும் உண்மைதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பயணத்தில் அஸர் நேரம் நெருக்க, அவசர அவசரமாகக் காலைத் தடவிக்கொண்டவர்களைப் பார்த்துத்தான் நபி (ஸல்) அவர்கள் உரத்த குரலில் எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). கடையில் ஆளில்லை என்று பறக்கும் வியாபாரிகளுக்கு அது நன்றாகவே பொருந்தும். பெயிண்ட் வேலை செய்யும் தம்பிகளே, தோலை மூடும் பெயிண்டை நீக்கத்தான் வேண்டும். மருதாணி நிறமோ சாய நிறமோ இருந்தால் பரவாயில்லை.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நபியவர்கள் ஒரு முத்து தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிப்பது புகாரி, முஸ்லிமில் உள்ளது. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள். ஓடும் ஆற்றிலும் வீண்விரயம் கூடாது என்ற இப்னுமாஜா அறிவிப்பை மேடையில் பலர் சொல்வார்கள். அதன் தொடரில் குறை பேசப்படுகிறது. நமக்கு முத்து ஹதீஸே போதும். 2019ல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர் ஏற்றி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசுகிறோமே, அந்தத் தண்ணீர் யாருடையது?

கடைசியாக இளைஞர்களுக்கு ஒரு வேலை. உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் உளூச் செய்யும் இடத்தை இந்த வாரம் போய்ப் பாருங்கள். முட்டி வலிக்காரர் உட்கார்ந்து கால் கழுவ உயரமான இருக்கை இருக்கிறதா? தரை வழுக்குகிறதா? பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? ஒழுகும் குழாய் எத்தனை? எழுதி எடுத்துக்கொண்டு நிர்வாகிகளிடம் மரியாதையாகப் பேசுங்கள். பணம் இல்லை என்றால் இங்கே உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் ஆளுக்கு ஒரு குழாய் வாங்கித் தரட்டும்.

மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கேள்வி உள்ளவர்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாததை இன்று தெரியாது என்றே சொல்வேன். குறித்துவைத்து, விசாரித்துச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.