கார்லைல் அணியின் 1912 சீசன்

இன்னைக்கு ஒரு ஃபுட்பால் கதை. நம்ம ஊர் கால்பந்து இல்லைங்க. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவாங்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால்.

பென்சில்வேனியாவில் கார்லைல்னு ஒரு ஊர். அங்கிருந்த பழைய ராணுவக் குடியிருப்பில் 1879-ல், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஒரு உறைவிடப் பள்ளி தொடங்கினார். வந்து சேர்ந்ததும் முடியை வெட்டுவார்கள், பெயரை மாற்றுவார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. பிள்ளைகளிடமிருந்து அவர்களுடைய இனத்தையே துடைத்து எடுப்பதுதான் நோக்கம். வீடு திரும்பாமலே இறந்துபோன பிள்ளைகளுக்கு அங்கேயே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கு.

இது கல்லூரியே இல்லை. ஆனாலும் இவர்களுடைய ஃபுட்பால் அணி பெரிய பெரிய கல்லூரிகளோடு மோதியது. பயிற்சியாளர் பாப் வார்னர். எதிரணிக்காரர்கள் ஆளும் பெரிது, எடையும் அதிகம். அதனால கார்லைல் பையன்கள் வேகத்தையும் தந்திரத்தையும் நம்பினாங்க. 1911-ல் ஹார்வர்டையே 18-15 என்று தோற்கடித்தார்கள்.

அடுத்த வருஷம் கோடையில், அணியின் நட்சத்திரம் ஜிம் தோர்ப் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம் வாங்கினார். இலையுதிர் காலத்தில் மறுபடி கார்லைல் சட்டை.

1912 நவம்பர் 9. இடம், வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமி. இதை வெறும் ஆட்டமா பார்க்க முடியாதுங்க. அதற்கு 22 வருஷம் முன்னாடிதான், 1890-ல், வூண்டட் நீயில் அமெரிக்க ராணுவம் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட லகோட்டா மக்களைக் கொன்றது. இப்போ எதிரே நிற்பது அதே ராணுவத்தின் வருங்கால அதிகாரிகள். அவர்களில் ஒருத்தர், பிற்காலத்தில் ஜனாதிபதியான ட்வைட் ஐசன்ஹோவர்.

முடிவு? கார்லைல் 27, ராணுவம் 6.

கதை இங்கே முடிந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று தோல்வி. ஆனாலும் சீசன் முடிவில் 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா.

1913 ஜனவரியில் பெரிய அடி விழுந்தது. தோர்ப் முன்பு கோடைக்காலத்தில் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியவர் என்ற செய்தி வெளியானது. தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லி ஒலிம்பிக் பதக்கங்களைப் பறித்தார்கள். 1953-ல் அவர் இறந்தபோதும் அவை திரும்பி வரவில்லை. 1983-ல் பிள்ளைகளிடம் பதக்கங்களைக் கொடுத்தார்கள், அதுவும் 'கூட்டு வெற்றியாளர்' என்ற பெயரில். அவரே தனி வெற்றியாளர் என்ற அறிவிப்பு வந்தது 2022-ல்!

பள்ளி 1918-லேயே மூடப்பட்டது. எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். அந்தப் பையன்களின் அடையாளத்தை அழிக்கத்தான் பள்ளி கட்டினார்கள். ஆனா அரங்கம் அரங்கமா டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் பார்க்க ஆசைப்பட்டது, அதே அடையாளத்தைத்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.