சைலன்சரும் அண்டை வீடும்



மோட்டார் சைக்கிள் வாங்கிய இளைஞர் பலர் முதலில் மாற்ற விரும்பும் உறுப்பு சைலன்சர். வண்டி அதிர்ந்து முழங்கினால்தான் கம்பீரம் என்பது அவர்தம் எண்ணம். 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பெற்று, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. அவற்றின் 'டப் டப்' ஓசையே பலருக்கு இலக்கணமாயிற்று. ஆனால், அந்தத் தாளத்தைத் தந்தது ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அமைப்பு, துளையிட்ட குழாயன்று.

சைலன்சர் செய்யும் தொழில் யாது? வால்வு திறக்குந்தோறும் எரிந்த வாயு மிகுந்த அழுத்தத்துடன் பாய்கிறது. உள்ளேயுள்ள அறைகளும் துளைக்குழாய்களும் ஒலியலைகளை ஒன்றோடொன்று மோதவிட்டுத் தணிக்கின்றன. இத்தடுப்புகளை அகற்றினால் வலிமை கூடும் என்பது பெரும்பாலும் மயக்கமே. குழாயின் நீளமும் விட்டமும் எஞ்சினுக்கேற்பக் கணக்கிடப்பெற்றவை. 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ்.6 வண்டிகளிலோ, நச்சுவாயுவைக் குறைக்கும் வினையூக்கியும் குழாயிலேயே அமைந்துள்ளது. அதை அறுத்தெறிந்தால் நஞ்சு நேரே காற்றில் கலக்கும்.

ஆகவே, மாற்றுக்குழாய் வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள் என்பேன். இது என் வண்டியின் எஞ்சினுக்கென வடிக்கப்பட்டதா? வினையூக்கி அதன் இடத்திலேயே இருக்குமா? ஒலி வரம்புக்குள் அடங்குமா?

2005இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 175 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிக்கு வரம்பு 80 டெசிபல். டெசிபல் கணக்கு விந்தையானது. பத்து கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும். 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒலி, புகை விதிகளை மீறி ஓட்டுபவருக்கு முதல் முறையே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் பறிபோகும். முதற் சம்பளத்தில் வண்டி வாங்கிய இளைஞனுக்கு இது சிறிய இழப்பா?

சட்டத்தினும் பெரியது ஒன்றுண்டு. நம் தஞ்சைச் சமவெளியில் ஒலியைத் தடுக்க மலையில்லை. இரவில் ஒரு வண்டியின் முழக்கம் வயல் கடந்து அடுத்த ஊர்த் திண்ணை வரை கேட்கும். ஓட்டுபவன் நொடியில் கடந்துவிடுகிறான். வயலுக்கு நீர் பாய்ச்சிவிட்டுப் பின்னிரவில் கண்ணயர்ந்த உழவரும், தொட்டிலில் உறங்கிய குழந்தையும் விழித்துக்கொள்கிறார்கள். கடையில் குழாயைத் தட்டிப் பார்த்து ஓசையை அளக்கும்போது, அவர்கள் செவியையும் உங்கள் செவியாகக் கொள்ளுங்கள். பிறகு தேர்ந்தெடுங்கள்.