மட்டி பொறுக்கப் போகும் முன்



கடல் வற்றும் நேரத்தில் கூடையோடு இறங்குகிறோம். மட்டி பொறுக்குகிறோம். பாறையில் சிப்பி பெயர்க்கிறோம். காசு செலவில்லாத கறி. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

கேரளத்தில், திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் விழிஞ்ஞம் என்று ஓர் ஊர். 1997 செப்டம்பரில் அங்கே சிப்பிக் கறி சாப்பிட்ட ஏழு பேர் இறந்தார்கள். சுமார் 500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 1981-இல் தமிழ்நாட்டிலும் மட்டி தின்று மூன்று பேர் இறந்தார்கள்.

"நன்றாக வேகவைத்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. சாக்கடையால் வரும் கிருமி என்றால் கொதியில் சாகும். இது கிருமி அல்ல, நஞ்சு. கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் உண்டு. சில பாசிகளில் நஞ்சு இருக்கிறது. சிப்பி கடல்நீரை வடிகட்டிப் பாசியைத் தின்னும். நஞ்சு சதையில் சேரும். மணம் மாறாது, ருசியும் மாறாது. புளி, பூண்டு எதற்கும் அது போகாது.

கடல் சிவந்தோ பச்சையாகவோ தெரிந்தால் எடுக்காதீர்கள். ஆனால் நிறம் மாறாமலும் நஞ்சு இருக்கும். அதனால் மீன்வளத் துறை அறிவிப்பு ஒட்டினால் எழுத்துக் கூட்டி வாசியுங்கள். இப்போது உங்களால் முடியுமே!

தின்றபின் உதடு, நாக்கு மரத்துப்போகிறதா? விரல் குறுகுறுக்கிறதா? வீட்டு வைத்தியம் வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். இதற்கு மாற்று மருந்து இல்லை. மூச்சு தடைப்படும்போது கருவி வைத்து மூச்சு கொடுத்தால் பிழைக்கலாம். என்ன தின்றீர்கள், எந்தக் கரையில் எடுத்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மீதிக் கறியைப் பிள்ளைகள் தொடாமல் எடுத்து வையுங்கள்.