'வேலிட்' என்றால் என்ன?
(அமராவதிபுதூரில் செய்த சொற்பொழிவு)



இன்று ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம். பயப்பட வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த வார்த்தைதான். செல்போனுக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் 'வேலிடிட்டி' தெரியும். "28 நாள் வேலிடிட்டி" என்றால் அதற்குமேல் செல்லாது என்பதை ஆடு மேய்க்கிற பிள்ளைகூட அறியும். அதன் மூலம் 'வேலிட்'.

அகராதியில் இதற்குச் 'சரியானது' என்று அர்த்தம் போட்டிருப்பார்கள். 'கரெக்ட்' என்பதற்கும் அதேதான் போட்டிருப்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பலமாயிருப்பதைக் குறிக்கும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது 'வேலிட்'. படுக்கையில் கிடக்கும் நோயாளியை வெள்ளைக்காரன் 'இன்வலிட்' என்பதும் அதனால்தான். உள்ளபடி இருந்தால் கரெக்ட். விதிப்படி பலமிருந்தால் வேலிட். தமிழில் 'செல்லும்', 'செல்லாது' என்கிறோம். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை வைத்த இந்தச் செட்டிநாட்டாருக்குச் செல்லாக்காசைப் பற்றி நாம் விளக்க வேண்டுமா? 2016 நவம்பர் 8-ந் தேதி சாயங்காலம்வரை பணமாயிருந்த 500, 1000 ரூபாய் நோட்டுகள், மறுநாள் கடைவீதியில் செல்லாமற் போயின. நோட்டில் ஒரு எழுத்தாவது மாறிற்றா? இல்லை, உத்தரவுதான் மாறிற்று.

தர்க்கம் படித்தவர்களும் இவ்வார்த்தையை உபயோகிக்கிறார்கள். "கங்கையில் முழுகினவர்களெல்லாம் மோட்சம் போவார்கள், கங்கை மீன் சதா முழுகியே கிடக்கிறது, ஆகவே மீனுக்கு மோட்சம் நிச்சயம்" என்று ஒருவர் வாதித்தால், அந்த வாதம் வேலிட்தான்! முதல் வாக்கியத்தை ஒப்புக்கொண்டவர் முடிவைத் தள்ள முடியாது. அது மெய்யா என்பது வேறு கேள்வி. (மோட்சத்துக்குப் போகவிருந்த மீனைப் பிடித்துக் குழம்பு வைத்தவன் கதி என்ன என்பதை வைதீகர்கள்தான் சொல்லவேண்டும்.)

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். 1928-ல் சுக்கிலநத்தத்தில் தொடங்கி, புரோகிதரும் ஓமப்புகையும் இல்லாமல் எத்தனையோ கல்யாணங்கள் நடந்தன. அப்படி மணந்தவர்கள் குடித்தனம் செய்தார்கள்; பிள்ளை பெற்றார்கள். பிறகு தெய்வானை ஆச்சிக்கும் சிதம்பரம் செட்டியாருக்கும் நடந்த வழக்கில், இம்மாதிரி மணம் செல்லாதென்று சென்னை ஹைகோர்ட்டு சொல்லிவிட்டது. 1954-ம் வருஷத்துச் சட்ட ரிப்போர்ட்டுகளில் அந்தத் தீர்ப்பைக் காணலாம். வாதம் என்ன? இந்து மணத்துக்குச் சாஸ்திரச் சடங்கு வேண்டும், இல்லாவிட்டால் நெடுங்கால வழக்கமாவது வேண்டும், இதில் இரண்டும் இல்லை, ஆகவே மணமில்லை. கங்கை மீனைப்போல இதுவும் ஒழுங்கான வாதந்தான்! கோளாறு முதல் வாக்கியத்தில் இருந்தது. அதனால் கஷ்டப்பட்டவர்கள் யார்? சொத்தில் பங்கு கேட்கப்போன பெண்டாட்டியும் பிள்ளைகளும். நேற்றுவரை சம்சாரம், கோர்ட்டுப் படியேறியதும் யாரோ ஒருத்தி.

ஆகவே முதல் வாக்கியத்தையே மாற்றவேண்டியதாயிற்று. தோழர் அண்ணாதுரை முதன்மந்திரியாயிருந்தபோது 1967-ல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டம், இந்து விவாகச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அது 1968 ஜனவரி முதல் அமுலுக்கு வந்தது. உறவினரோ சிநேகிதரோ வேறு யாரேனுமோ எதிரில், தங்களுக்குப் புரியும் பாஷையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் மணம் செல்லும். சில விலக்குகள் நீங்கலாக, முன்பு நடந்த மணங்களும் செல்லும். பிள்ளைகளும் சட்டப்படியான பிள்ளைகளே. அதே ஆண், அதே பெண், அன்று போட்ட அதே மாலை! கிழவனும் கிழவியுமான பிறகு, அவர்கள் வாலிபத்தில் செய்துகொண்ட கல்யாணம் வேலிட் ஆயிற்று.

அதோடு தகராறு தீர்ந்ததா? 2014-ல் ஹைகோர்ட்டு, வக்கீல் ஆபீசில் ரகசியமாய் நடத்தும் மணம் இப்பிரிவின்படி செல்லாதென்றது. ஊருக்கும் ஜாதிக்கும் பயந்து ஓடிவந்த ஜோடிகள் பந்தல் போட்டு ஊரைக் கூட்ட முடியுமா? கூட்டினால் வெட்டரிவாளும் கூடவே வருமே! 2023 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பைத் தள்ளி, ஊரறியச் செய்யவேண்டுமென்று இப்பிரிவில் இல்லையென்று சொல்லிற்று.

இங்கே கல்யாண வயதுப் பிள்ளைகள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்த முறையில் மணந்தாலும் பதிவு செய்யவேண்டுமென்று 2009-ல் நம் ராஜ்யத்தில் சட்டம் வந்திருக்கிறது. மாலை வாடுமுன்னே சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போய்ச் சர்டிபிகேட் வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் வையுங்கள். பெட்டிச் சாவி பெண்ணின் கையிலும் ஒன்று இருக்கட்டும்.