கட்டாயச் சந்தா: சுமையா, சுமைதாங்கியா?

(வடாலாவில் நடைபெற்ற நமது சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவர். ரயில்வே அலுவலகத்தில் சம்பளப் பட்டியலைக் கூட்டியும் கழித்தும் காலந் தள்ளுபவர். ஆகவே பொருளாதார நிபுணரின் உரையை எதிர்பாராதீர்கள். ஒரு குமாஸ்தா போட்ட கணக்கை மட்டும் உங்கள் முன் வைக்கிறோம்.

சங்கத்தின் மருத்துவ உதவி நிதியில் எல்லாக் குடும்பமும் கட்டாயமாகச் சேர வேண்டுமா, விரும்பியவர் மட்டும் சேர்ந்தால் போதுமா என்பது பொதுக்குழுவின் முன் நிற்கும் கேள்வி. "கட்டாயம் என்றாலே செலவு ஏறும்" என்கின்றனர் சிலர். "கட்டாயம் இருந்தால்தான் செலவு இறங்கும்" என்கின்றனர் வேறு சிலர். இரு சாராரும் பாதி உண்மையே பேசுகின்றனர் என்பது நம் அபிப்பிராயம்.

சென்ற ஆண்டு நடந்ததை நினைவூட்டுகிறோம். தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் நம் அங்கத்தினர் ஒருவருக்கு இருதய நோய் கண்டது. வழக்கம்போல் தட்டு ஏந்தினோம். வழக்கம்போல் அதே பத்துப் பன்னிரண்டு குடும்பங்களே கொடுத்தன. அதன் பிறகே விருப்பச் சந்தா நிதியைத் தொடங்கினோம். யார் சேர்ந்தார்கள்? வீட்டில் வயோதிகரும் நோயாளியும் உள்ளவர்கள் முதல் வாரமே சேர்ந்தார்கள். திடகாத்திரமான இளைஞர்களோ, "பிறகு பார்ப்போம்" என்றார்கள். அவர்களைக் குறை கூறவில்லை. அந்த வயதில் நாமும் அப்படித்தான் இருந்தோம்.

இதில் உள்ள கணக்கைக் காண்போம். நூறு குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 2 லட்ச ரூபாய் உதவி தேவைப்படுகிறது என்று வைத்துக் கொள்வோம். அனைவரும் சேர்ந்தால் குடும்பத்துக்கு 2,000 ரூபாய். நாற்பது குடும்பங்களே சேர்கின்றன, அவையும் பெரும்பாலும் நோயுள்ள குடும்பங்கள் என்றால், தேவை 1,60,000 ஆகவே நிற்கும். பங்கு 4,000 ஆகிவிடும். அதைக் கண்டு ஆரோக்கியமான சிலர் விலகுவார்கள். மறு ஆண்டு பங்கு மேலும் ஏறும். இறுதியில் நோயாளிகள் மட்டுமே எஞ்ச, நிதி கவிழும். தலைக்கு விழும் பங்கைக் கட்டாயம் குறைக்கும் என்பது இந்த அளவில் மெய்.

இதனை நம் நாடு என்றோ உணர்ந்தது. 1943இல் பேராசிரியர் பி.பி. அடார்க்கர் தொழிலாளர் நோய்க் காப்பீடு பற்றி ஆராய நியமிக்கப்பட்டார். 1944இல் அறிக்கை அளித்தார். அப்போது வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1948இல் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் திட்டம் தொடங்கிற்று. நாம் இ.எஸ்.ஐ. என்று அழைப்பது அதனைத்தான்.

அத்திட்டத்தில் சந்தா வயதைப் பார்த்து ஏறுவதில்லை. கூலியைப் பார்த்தே அமைகிறது. முன்பே நோய் இருந்தது என்று எவரையும் தள்ளுவதில்லை. 2017 ஜனவரியில் சம்பள வரம்பு 15,000 ரூபாயிலிருந்து 21,000 ஆக உயர்ந்து, மேலும் பலர் உள்ளே வந்தனர். 2019 ஜூலையில் மொத்தச் சந்தா 6.5 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 20,000 ரூபாய் பெறுபவர் முன்பு 350 ரூபாய் கொடுத்தார். குறைப்புக்குப் பின் 150. முதலாளியின் பங்கு 950இலிருந்து 650 ஆயிற்று. பலர் சேர்ந்து தூக்கும் பாரம் இலேசாகக் கூடும் என்பதற்கு இது சான்று.

இனி மறு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பகுதியில் ஒரு பட்டறைத் தொழிலாளி இருக்கிறார். மாதந்தோறும் அவர் கூலியில் சந்தா பிடிக்கப்பட்டு வந்தது. மனைவி நோயுற்றபோது குடும்பத்தாரின் பெயர்கள் பதிவாகியிருக்கவில்லை. எங்கே செல்வது, யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவசரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினார். சங்கிலி அடகுக்குப் போயிற்று. சந்தாவும் கொடுத்தார், பில்லும் கொடுத்தார்! இவரிடம் போய், "கட்டாயக் காப்பீட்டால் செலவு குறைந்தது" என்று சொல்ல நமக்கு நா எழுமா?

ஆகவே சந்தா ரசீதை மட்டும் பார்த்துச் செலவைக் கணக்கிடலாகாது. சந்தா, கையிலிருந்து போன பணம், வரிசையில் நின்று இழந்த ஒரு நாள் கூலி ஆகிய மூன்றையும் கூட்டினால்தான் குடும்பத்தின் உண்மைச் செலவு தெரியும்.

கடல் கடந்த அனுபவமும் இதையே கூறுகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2006இல் காப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. பெரும்பாலோர் காப்பீடு பெற்றனர். ஆயினும் மருத்துவச் செலவு தானாக அடங்கவில்லை. அதன் வளர்ச்சிக்கு இலக்கு வகுக்க 2012இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. அந்நாடு முழுவதற்கும் 2014இல் வந்த கட்டாயத்தின் அபராதம் 2019இல் நீங்கிற்று. ஆயினும் சந்தை கவிழ்ந்துவிடவில்லை. எளியவரின் சந்தாவில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொண்டதே அதற்கு முக்கிய காரணம். கட்டாயம் ஒரு கயிறு. உதவி மற்றொரு கயிறு. விலையைக் கட்டுப்படுத்துவதோ இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்ட தனி வேலை.

ரயில்வே ஊழியரான நமக்கு பைகுல்லாவில் இலாகா மருத்துவமனை இருக்கிறது. நாம் கவலையின்றி இருக்கிறோம். ஆனால் இச்சபையில் ரயில்வேக்காரர் மட்டுமா இருக்கிறார்கள்? இட்லி விற்பவரும், தோல் வேலை செய்பவரும், வீட்டு வேலைக்குச் செல்லும் தாய்மாரும் இருக்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் பட்டறைகளைப் பொதுவாக இ.எஸ்.ஐ. எட்டுவதில்லை. பத்திரமாக இருக்கும் நாம் "கட்டாயம் வேண்டாம்" என்று கை தூக்குவது நியாயமாகுமா?

எனவே கட்டாயச் சந்தாவை ஆதரிக்கிறோம். மூன்று நிபந்தனைகளுடன் ஆதரிக்கிறோம்.

முதலாவது, சந்தா வருமானத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். கொடுக்க இயலாத குடும்பத்தின் பங்கைச் சங்கமே ஏற்கட்டும்.

இரண்டாவது, பணம் கொடுப்பதோடு நம் கடமை தீராது. ஞாயிறுதோறும் இரு இளைஞர்கள் சங்க அறையில் அமர்ந்து, இ.எஸ்.ஐ. அட்டையில் குடும்பத்தார் பெயரைச் சேர்க்கவும், மாநில அரசின் மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்துக்கு வேண்டிய காகிதங்களைத் திரட்டவும், சயான் மாநகராட்சி மருத்துவமனைக்கு வழி காட்டவும் வேண்டும். இவற்றால் மிச்சமாகும் ரூபாய், நிதியிலிருந்து கொடுக்கும் ரூபாய்க்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

மூன்றாவது, வரவு செலவு மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கணக்குக் காட்டாத கட்டாயம் வெறும் வசூலே. நாம் காப்புறுதிக் கம்பெனி நடத்தவில்லை. அதற்குச் சட்டம் இடந்தராது. இது உதவி நிதி என்பதையும், இவ்வளவுதான் தர முடியும் என்பதையும் தெளிவாக எழுதி வைப்போம்.

நம் ஊர்ப் பாதையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நின்றதைப் பெரியவர்கள் அறிவார்கள். அந்தக் கல் தலைச்சுமையின் எடையைக் குறைப்பதில்லை. தனியொருவர் கழுத்து முறியாமல் சற்று இறக்கி வைக்க இடந்தருகிறது. எடையைக் குறைப்பது வேறு வேலை, அதையும் செய்வோம். முதலில் கல்லை நாட்டுவோம்.

தட்டு ஏந்தும் நிலை நம் குடும்பங்களில் எதற்கும் இனி வரலாகாது. பொதுக்குழு நாளன்று அனைவரும் வந்திருந்து வாக்களிக்குமாறு வேண்டுகிறோம்.