பயணம் செல்வோரும் வீட்டுப் பூனையும்



உம்றாவுக்கோ ஹஜ்ஜுக்கோ புறப்படும் ஒருவர் நமது ஊர்களில் என்னென்ன ஆயத்தங்களைச் செய்கின்றார் என்பதை நீங்கள் அறிவீர்கள். கொடுக்க வேண்டிய கடன்களைக் கொடுத்து முடிக்கின்றார். உறவினரையும் அயலவரையும் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கின்றார். வயற்காணியை யார் பார்ப்பது, கடையை யார் திறப்பது, பிள்ளைகளை எந்த மாமியின் வீட்டில் விடுவது என்றெல்லாம் ஏற்பாடு செய்கின்றார். பிறருடைய அமானிதம் எதுவும் தம் கையில் தங்கிவிடக் கூடாது என்ற அச்சமே இவ்வளவுக்கும் காரணம். நல்ல அச்சம் அது. ஆனால் கட்டுநாயக்கவுக்குச் செல்லும் வாகனம் படலையில் வந்து நிற்கும் நேரத்தில், குசினி வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கும் பூனையைப் பற்றி எத்தனை வீடுகளில் பேசப்படுகின்றது?

பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடக்கின்றது. “அது தன்பாட்டில் தின்று கொள்ளும்” என்று சொல்லிவிட்டுப் போகின்றார்கள். அல்லது ஒரு பெரிய சட்டி நிறையச் சோறும் மீனும் வைத்து, பூனையை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுகின்றார்கள். இன்னும் சிலர் முதல் நாள் இரவே அதனைச் சாக்கில் கட்டி மீன் சந்தைக்கு அருகிலோ கடற்கரையிலோ விட்டுவிட்டு வருகின்றார்கள். அங்கே மீன் கழிவு கிடைக்கும், பூனை பிழைத்துக் கொள்ளும் என்பது அவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். ஆக, புனிதப் பயணத்தின் முதற் காரியமாக ஒரு வாயில்லாச் சீவன் சாக்கில் கட்டப்படுகின்றது.

பூனையை அடைத்து வைத்தமையால் தண்டனைக்குள்ளான பெண்ணைப் பற்றிய நபிமொழியை மதரஸாவில் ஓதிய எந்தப் பிள்ளையும் அறியும். புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி அது. ஆயினும் அதன் வாசகத்தை நாம் நிதானமாகக் கவனிப்பதில்லை. அப்பெண் பூனையை அடித்துக் கொன்றதாக அதில் இல்லை. அவள் அதனை அடைத்து வைத்தாள். உணவும் கொடுக்கவில்லை, பூமியிலுள்ள புழு பூச்சிகளைத் தானே தேடித் தின்னுமாறு விட்டுவிடவும் இல்லை. குற்றம் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கின்றது. பூட்டிய வீடு என்பதும் அதே இடந்தான். முதல் நாள் வைத்த சோறு நமது வெப்பத்தில் மறுநாளே புளித்துவிடும், மீன் அன்று மாலையே நாறும், எறும்பு மொய்க்கும். பதினான்கு நாட்பயணத்துக்கு ஒரு சட்டிச் சோறு ஏற்பாடு ஆகுமா?

“நாம் அடைத்து வைக்கவில்லையே, திறந்துதானே விட்டோம்” என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வளவுகள்தோறும் சுற்றித் திரிந்து, எலி பிடித்து, நான்கு வீடுகளில் உண்டு வாழும் பூனை ஒன்று உண்டு. நீங்கள் ஒரு மாதம் இல்லாவிட்டாலும் அது பிழைக்கும். அதற்கு ஒரு கோப்பைத் தண்ணீர் வைக்கும்படி அயலவரிடம் சொல்லிச் சென்றாற் போதும். ஆனால் கண் திறவாத குட்டியாக வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, வேளைக்கு வேளை தட்டில் உணவு கண்டு, மதிலுக்கு அப்பால் போயறியாத பூனை வேறு. அதன் வேட்டையை நாமே மறக்கடித்துவிட்டோம். அதனைச் சந்தையில் விட்டால், அங்கு ஏற்கனவே இடம்பிடித்துள்ள கடுவன்கள் விரட்டும். பூனைக்கு ஆளைவிட இடத்தின் மீதே பற்று அதிகம். ஆதலால் அது வந்த வீட்டைத் தேடித் திரும்பவே முயலும். அவ்வாறு திரும்பும் வழியில் அக்கரைப்பற்று மட்டக்களப்பு நெடுஞ்சாலை குறுக்கிடுகின்றது. அந்தச் சாலையில் வாகனங்கள் எந்த வேகத்தில் ஓடுகின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கெய்ரோ நகரின் ஒரு வரலாறு நினைவுக்கு வருகின்றது. எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ் 1277ஆம் ஆண்டு மறைந்தார். மங்கோலியரையும் சிலுவைப் போர் வீரரையும் எதிர்த்து நின்ற தளபதி என்றே வரலாற்று நூல்கள் அவரைப் பேசும். அந்தப் போர்வீரர், ஆதரவற்ற பூனைகளின் உணவுக்காகத் தமது பள்ளிவாசலுக்கு அருகில் ஒரு தோட்டத்தையே வக்பு செய்திருந்தார். சுமார் ஐந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1830களில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வேர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் எழுதியுள்ள செய்தி இன்னும் சுவையானது. அந்தத் தோட்டம் அதற்குள் கைமாறிக் கைமாறி விற்கப்பட்டுவிட்டது. ஆனால் பூனைகளுக்கு உணவளிக்கும் கடமை மட்டும் காழியின் தலையில் தங்கியிருந்தது. நாள்தோறும் அஸர் வேளையில் காழியின் நீதிமன்ற முற்றத்திற்கு ஒரு கூடை இறைச்சித் துண்டுகள் வரும். அக்கம்பக்கத்துப் பூனைகள் எல்லாம் வந்து கூடும். தம் வீட்டுப் பூனையை வைத்திருக்க இயலாதவர்கள் அதனைக் கொண்டுவந்து அங்கேயே விட்டுச் செல்வதும் உண்டாம். நாமும் மீன் சந்தையில் விடுகின்றோம். அவர்களும் முற்றத்தில் விட்டார்கள். அங்கே கூடை தவறாமல் வந்தது என்பதுதான் வேறுபாடு.

சட்டநூல்களின் நிலைப்பாடும் இதிலே தெளிவாகவே இருக்கின்றது. நமது பகுதியில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில், உயிர்ப்பிராணியை உடைமையாக வைத்திருப்பவர் மீது அதன் உணவும் தண்ணீரும் கடமையாகும். அவர் அதனைச் செய்யத் தவறினால், உணவளிக்கும்படியோ பிறருக்குக் கொடுத்துவிடும்படியோ அதிகாரமுடையவர் அவரைக் கட்டாயப்படுத்தலாம். வீட்டில் இருக்கும்போது மட்டும் கடமை, பயணத்தில் நீங்கிவிடும் என்று எவரும் எழுதவில்லை. தொழுகையைச் சுருக்கவும் நோன்பைப் பிற்படுத்தவும் பயணிக்குச் சலுகை உண்டு. பசித்த வயிற்றுக்கு எவ்வாறு சலுகை கூறுவது?

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். இதில் நம் பிரதேசத்தாருக்குள்ள வசதி கொழும்பில் அடுக்குமாடி வீட்டில் வாழ்வோருக்குக் கிடையாது. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கத்தால், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் ஒரே வளவுக்குள் உம்மாவின் வீடும் ராத்தாவின் வீடும் தங்கையின் வீடும் அடுத்தடுத்து நிற்கின்றன. எனவே பூனையை எங்கும் கொண்டு செல்ல வேண்டாம். அதனை அதன் இடத்திலேயே இருக்க விட்டு, ஆளை அங்கு வரச் செய்வதே சிறந்தது. கூடையில் வைத்து நிந்தவூர் மாமியிடம் ஒப்படைத்தால், முதல் இரவே யன்னலால் பாய்ந்து காணாமற் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வேறு வழியில்லாமல் இடம் மாற்றத்தான் வேண்டுமென்றால், பயணத்துக்குச் சில நாட்கள் முன்பே கொண்டுபோய், ஓர் அறைக்குள் அதன் பழைய விரிப்புடன் பழக விடுங்கள்.

பொறுப்பேற்பவரிடம் “பூனையையும் கொஞ்சம் பாருங்கள்” என்று படலையில் நின்று சொல்வது ஒப்படைப்பு ஆகாது. ஒரு நாளாவது அவரை வரவழைத்து, உணவு வைக்கும் இடத்தையும் நேரத்தையும் காட்டுங்கள். அவர் கையால் ஒரு வேளை உண்ணட்டும். நாளொன்றுக்கு இருமுறை சிறிது சிறிதாக வைத்து, மிச்சத்தை அகற்ற வேண்டும். உணவுத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகன்ற தட்டின் நடுவில் வைத்தால் எறும்பு அணுகாது. குடிதண்ணீரை ஓரிடத்தில் மட்டுமன்றி இரண்டு மூன்று இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் மற்றொன்று இருக்கும். கதவைப் பூட்டுமுன் பூனை அலுமாரிக்குள்ளோ சாமான் அறைக்குள்ளோ அகப்பட்டிருக்கின்றதா என்று பார்த்தே பூட்ட வேண்டும்.

வீட்டார் போன பின்பு பூனை ஒருநாள் முகம் சுளித்துக்கொண்டு உண்ணாதிருப்பது இயல்பு. இரண்டு நாட்களாகியும் ஒன்றும் உண்ணவில்லையென்றால் அதனைப் பிடிவாதம் என்று விட்டுவிடக் கூடாது. உடல் பருத்த பூனைகள் சில நாட்கள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். உடனே கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, குசினிச் சுவரில் ஒட்டிவிட்டுச் செல்லுங்கள். காய்ச்சல் என்று எண்ணி எவரும் பனடோல் வில்லையைப் பொடித்துக் கொடுத்துவிட வேண்டாம். மனிதருக்கு மருந்தாகும் அது பூனைக்கு நஞ்சு. ஒரு வில்லையே கொன்றுவிடக்கூடும்.

பொறுப்பேற்பவரின் நலனும் உங்கள் மீது கடமையல்லவா? விசர்நாய்க்கடி நோய் நாயால் மட்டும் வருவதன்று. பூனையின் கடியாலும் கீறலாலும் வரக்கூடும். ஆதலால் தடுப்பூசி போடாத பூனையை இன்னொருவரிடம் ஒப்படைக்காதீர்கள். கருவுற்ற பெண்ணிடம் பூனையின் கழிவை அகற்றும் வேலையைக் கொடுக்காதீர்கள். கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும். “தொழும் இடத்துக்குப் பூனை வந்துவிடுமே” என்று மூத்தம்மா தயங்கினால், அபூகதாதா (ரழி) அவர்கள் வுழூ செய்யும் பாத்திரத்தையே பூனை குடிப்பதற்காகச் சாய்த்துக் கொடுத்த செய்தியை எடுத்துச் சொல்லுங்கள். அதன் எச்சில் அசுத்தமன்று. கழிவு அசுத்தமே, அதற்காகவே மணல் நிரப்பிய ஒரு பெட்டியைப் பின்வாசலில் வைக்க வேண்டும். உதிர்ந்த உரோமத்தில் சிறிதளவு மன்னிக்கப்பட்டது என்று ஷாபிஈ அறிஞர்கள் கூறியுள்ளனர்.

பயணக் காலத்தையும் கருத்திற் கொள்ளுங்கள். நம்மவரில் பலர் குடும்பத்துடன் ஊரைவிட்டுப் போவது டிசம்பர் விடுமுறையில். அதுவோ வாடைக்காற்று மழையின் காலம். கடல் கொந்தளிக்கும்; தோணிகள் இறங்கா; கீரியும் சூடையும் கைக்கெட்டாத விலைக்குப் போகும். மலிவாக மீன் கிடைக்கும் என்ற கணக்கில் காசு கொடுத்துச் சென்றால் ஏற்றவர் என்ன செய்வார்? உலர் உணவு ஒரு பொதி வாங்கி வைப்பது பாதுகாப்பானது. அதே மாதங்களில்தான் மாவடிப்பள்ளித் தாம்போதியின் மேலால் வெள்ளம் பாய்ந்து, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே போக்குவரத்து அறுந்து போகின்றது. 2024 நவம்பரில் அந்த வெள்ளத்தில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மதரஸா மாணவர்கள் உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. சம்மாந்துறையிலிருந்து வந்து கல்முனை வீட்டின் பூனைக்கு உணவு வைப்பதாக ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தால், மழைநாளில் அவர் வரக்கூடாது. நடந்து வரும் தூரத்தில் இரண்டாவது ஒருவரிடமும் ஒரு திறப்பு இருக்க வேண்டும்.

திரும்பும் நாளும் நம் கையில் இல்லை. 2020 பெப்ரவரி 27இல் உம்றாப் பயணங்கள் நிறுத்தப்பட்டன. மார்ச் மாதத்தில் நமது விமான நிலையம் வருகைக்கு மூடப்பட்டது. இரண்டு வாரத்தில் வருவதாகச் சொல்லிச் சென்றவர்கள் மாதக்கணக்கில் வெளிநாடுகளில் சிக்கினார்கள். வந்திறங்கியவர்களும் பதினான்கு நாட்கள் தனிமைப்படுத்தல் நிலையங்களில் இருந்தார்கள். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அக்கரைப்பற்று முடக்கப்பட்டபோது அடுத்த தெருவுக்குப் போவதே அரிதாயிற்று. ஆகவே பத்து நாட்பயணத்துக்கு இருபது நாட்களுக்கான உணவும் பணமும் வைத்துச் செல்வது மிகையன்று. மிஞ்சினால் பூனை உண்ணும்.

இளைஞர்களே, உங்களிடம் தனியே ஒரு வார்த்தை. பெரும்பாலான வீடுகளில் குட்டியைத் தூக்கி வந்தவர் நீங்கள். மீன் அவித்துப் போடுபவர் உங்கள் உம்மா. கம்பஸுக்கோ கட்டாருக்கோ நீங்கள் புறப்படும்போது உங்கள் பூனையும் ஓர் ஒப்படைப்பாக உம்மாவின் தலையில் விழுகின்றது. கேட்டுத்தான் ஒப்படைத்தீர்களா? முதுகு வலியுடன் இருப்பவரிடம் சொல்லாமலே சுமத்திச் செல்வதை நான் ஏற்பாடு என்று கொள்ளேன். மக்கா மதீனாத் தெருக்களில் திரியும் பூனைகளைப் படம் பிடித்து அனுப்பும் தம்பிமார், அதே தொலைபேசியில் வீட்டுப் பூனை உண்டதா என்றும் கேட்டு அறியலாமே. பெற்றோரும் “அதை எங்காவது விட்டுவிட்டு வா” என்று பிள்ளையிடம் சாக்கைக் கொடுக்க வேண்டாம். அந்த வேலையைச் செய்யும் பிள்ளை அதிலிருந்து எதைக் கற்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பூனையின் விலையைப் பெறுவது குறித்து முஸ்லிமில் ஒரு தடை வந்திருக்க, பராமரிப்பவருக்குக் கூலி கொடுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அந்தத் தடையின் அளவைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அது விற்பனையைப் பற்றியது. கூலியோ மனிதரின் உழைப்புக்கு உரியது. தாராளமாகக் கொடுக்கலாம். உறவினர் வாங்க மறுத்தால், மக்காவிலிருந்து பேரீத்தம்பழமும் ஸம்ஸம் நீரும் கொண்டுவரும்போது முதற் பங்கை அவருடைய வீட்டுக்கு அனுப்புங்கள். மீன் வாங்கிய செலவை மட்டும் அவர் கேட்குமுன் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும், அது கடன்.

நீங்கள் திரும்பி வந்த நாளில் பூனை ஓடி வந்து காலைச் சுற்றாமல், கதிரைக்கு அடியிற் போய் இருந்துகொண்டு உங்களை அந்நியரைப் போல் பார்க்கக்கூடும். பிள்ளைகள் இழுத்துத் தூக்காமல் ஓரிரு நாட்கள் விட்டுவிடட்டும். பொறுப்பேற்றவரையும் அந்நாட்களில் ஒரு வேளை வந்து போகச் சொல்லுங்கள். அவருடைய காலடிச் சத்தத்துக்கு அது இப்போது பழகியிருக்கும்.